ஒரே மட்டமாக ஒரு குளியலறை

நான் கோபக்காரி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வீடு கட்டிய அந்தப் பத்து மாதத்தில் நான் பட்ட கோபங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நியாயமானவை. மிச்சமிருக்கும் ஒன்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். நியாயமான தொண்ணூற்றொன்பதையும் எங்கள் சொந்தக்காரர்கள் மறந்துவிட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் ஒருத்தரும் மறக்கவில்லை. (அதுவும் ஒரு கோபம். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.)

திண்டுக்கல்லில் பேகம்பூரைத் தாண்டி ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். என் கணவர் சேகருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. வீடு கட்டுவது என்று முடிவானதும், ஒரு நீள நோட்டு வாங்கிக் கேள்விகளாக எழுத ஆரம்பித்தேன். சுவருக்குச் செங்கல்லா, சிமென்ட் கல்லா? ஆற்று மணலுக்குப் பதில் எம்சாண்ட் பூச்சு வேலைக்கு ஆகுமா? தரைக்கு டைல்ஸா, கிரானைட்டா? நிலைக்கதவுக்குத் தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் வேம்பு போடலாமா, கரையான் வருமா? இரவும் பகலும் வீடியோ பார்த்தேன், கட்டிய வீடுகளுக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டி விசாரித்தேன். என் கணவர் இதில் எதிலும் தலையிடவில்லை. "உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார்.

அப்படியென்றால் கேள்விக்குப் பதில் யாருக்கு வரவேண்டும்? எனக்குத்தானே? அங்கேதான் பிரச்சினையே.

டைல்ஸ் கடையில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

"இந்த டைல்ஸ் ஈரத்துல வழுக்குமா?" என்று கேட்டது நான்.

கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, "வழுக்காது சார்" என்றார்.

"எங்க அத்தைக்கு முட்டி வலி. பாத்ரூமுக்கு எது தோது?"

"அம்மாவுக்கு முட்டி வலின்னா இந்தச் சொரசொரப்பு போடுங்க சார். நல்லாப் பிடிக்கும்."

"கறை பிடிச்சாப் போகுமா?"

"தொடச்சாப் போயிரும் சார்."

என் கணவர் வெயிலில் நிற்கும் எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனாலும் எல்லாப் பதிலும் அவருக்கே போய்ச் சேர்ந்தது. கடைசியில் கடைக்காரர் பெருந்தன்மையாகச் சொன்னார்: "மேடத்துக்கு வேணா கிச்சன் கலர் மட்டும் காமிச்சிரலாமா சார்?"

நான் விருட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். (கைப்பையை உள்ளேயே வைத்துவிட்டேன். மறுபடி உள்ளே போய் எடுத்துக்கொண்டு, மறுபடி விருட்டென்று வெளியே வர வேண்டியதாயிற்று. இரண்டாவது விருட்டில் அவ்வளவு வேகம் இல்லை.)

கொத்தனார் சவரிமுத்து நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர். என்னை 'டீச்சர்' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். நான் என்ன சொன்னாலும் "ஆகட்டும் டீச்சர்" என்பார். பிறகு அவருக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்வார். நான் ஐந்தடி எட்டங்குலம். அடுப்படி மேடையை என் உயரத்துக்குத் தக்கபடி உயர்த்திப் போடச் சொன்னேன். ஆகட்டும் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், மேடை என் இடுப்புக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது.

"என்ன கொத்தனார் இது? ஒசத்திப் போடச் சொன்னேனே?"

"பொம்பளைங்களுக்கு இதான் டீச்சர் அளவு."

"அப்ப நான் யாரு?"

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே நேராகக் கடைவீதிக்குப் போய் ஒரு ரசமட்டம் வாங்கினேன். தரையோ மேடையோ மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. நீளமான பட்டை, நடுவில் சின்னக் கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் மட்டம் சரி. கடையில் இருந்ததிலேயே நீளமானதைக் கேட்டு வாங்கினேன். கைப்பைக்குள் அடங்காமல் முக்கால் பாகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டவுன் பஸ்ஸில் தினமும் பார்க்கும் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இப்பல்லாம் பிள்ளைகள அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கல்ல?" என்றார்.

அந்தக் குமிழியை நான் எவ்வளவு நேசித்தேன் என்று சொல்லி முடியாது. அது பொய் சொல்லாது. சமாதானம் சொல்லாது. முக்கியமாக, "சார் வரலையா?" என்று கேட்காது.

மறுநாள் அடுப்படி மேடையில் வைத்துப் பார்த்தேன். குமிழி ஒரு பக்கம் ஒதுங்கியது. சவரிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், "ரெண்டு நூல் இறங்கியிருச்சு டீச்சர்" என்றார். கொத்தனார் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மேடையில் வைத்தேன். அது தானாக உருண்டு வந்து கீழே விழுந்தது. சித்தாள் பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேடை இடிந்தது. மறுபடி, என் உயரத்துக்கு, ஒரே மட்டமாக எழுந்தது.

அதிலிருந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. போன இடமெல்லாம் ரசமட்டம்தான். ஹால் தரையில் அடிக்கு ஓர் இடம் வைத்துப் பார்த்து, மூன்று டைல்ஸைப் பெயர்த்துப் போட வைத்தேன். ஜன்னல், நிலை, அலமாரித் தட்டு என்று எதையும் விடவில்லை. நான் தெருமுனையில் திரும்பும்போதே, "ஏலே, டீச்சர் வாராக!" என்று உள்ளே குரல் கேட்கும். தட்டுகிற சத்தமெல்லாம் அடங்கிவிடும். வகுப்பறையில்கூட எனக்கு அப்படி ஓர் அமைதி வாய்த்ததில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, வேகவேகமாகக் குளியலறைக்குள் நுழைந்தேன்.

ஹாலை ஒட்டிய குளியலறை அது. மாமியாருக்காகவே அந்த இடத்தில் வைத்தது. அவருக்கு முழங்கால் மடங்காது. ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் மலையேறுவது மாதிரி. 'முதியவர் உள்ள வீட்டில் குளியலறைக்குப் படியே வைக்காதீர்கள், ஒரே மட்டமாக இருக்கட்டும்' என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதைச் சவரிமுத்துவிடம் முதல் மாதமே சொல்லியிருந்தேன். இப்போது பார்த்தால் குளியலறைத் தரை ஹாலைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்து கிடக்கிறது. போதாததற்கு, ரசமட்டத்தை வைத்தால் குமிழி மூலைக்கு ஓடுகிறது.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"சவரிமுத்து!"

வந்தார். அவருக்குப் பின்னால் என் கணவரும் வந்தார்.

"படியில்லாம ஒரே மட்டமா வேணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக டீச்சர். படி இல்லையே? செத்த எறக்கிருக்கேன், அம்புட்டுத்தான். வாட்டம் வேணும்ல?"

தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாய்த்துப் போடுவதைக் கொத்தனார்கள் 'வாட்டம்' என்பார்கள். இது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்த வாட்டமெல்லாம் பூவுக்கும் மனுஷிக்கும் வருவதுதான்.

"ஏழு மாசமா உங்ககிட்ட மல்லுக்கட்டி நான்தான் வாடிப்போய்க் கெடக்கேன். இதுல தரைக்கு வேற வாட்டமா?"

"அது இல்ல டீச்சர். தண்ணி போக வேணாமா?"

"அதுக்குத்தான ஓட்டை இருக்கு? ஓட்டை இருந்தாத் தண்ணி தானாப் போகப்போகுது!"

இதைச் சொன்னது அறிவியல் டீச்சர். பன்னிரண்டு வருஷமாக, தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும் என்று கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்திய அதே வாய். இதை எழுதும்போதுகூட எனக்கு என்னையே நாலு சாத்தலாம் போலிருக்கிறது.

என் கணவர் தொண்டையைச் செருமினார். "இல்ல, அவர் சொல்றதுலயும் ஒரு இது இருக்குன்னு..."

"நீங்க சும்மா இருங்க. ஏழு மாசமாச் சும்மாதான இருந்தீங்க? இப்ப மட்டும் எங்கருந்து வந்துச்சு வாயி?"

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

சவரிமுத்து கடைசியாக ஒரு முறை முயன்று பார்த்தார். "ஒரு வாளித் தண்ணி ஊத்திக் காமிக்கட்டுமா டீச்சர்?"

"ஒண்ணும் வேணாம். மேடை போட்டப்பவும் இப்படித்தான் ஏதோ சொன்னீங்க. இங்க பாருங்க கொத்தனார், நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. ஹாலும் பாத்ரூமும் ஒரே மட்டம். குமிழி நடுவுல நிக்கணும். நிக்கலேன்னா மறுபடி இடிக்க வைப்பேன்."

அவர் ரசமட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆகட்டும் டீச்சர்" என்றார்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. நான் மண்டியிட்டு ரசமட்டத்தை வைத்தேன். குமிழி தியானத்தில் உட்கார்ந்த முனிவர் மாதிரி நட்டநடுவில் அசையாமல் நின்றது. நான்கு மூலையிலும் அப்படியே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் நான் சொன்னது சொன்னபடி, ஒரு நூல் பிசகாமல் நடந்திருக்கிறது.

கிரகப்பிரவேசம் வந்தது. எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் என்பது நினைத்தபோது வரும் விருந்தாளி. அதனால் லாரித் தண்ணீர் இறக்கி, மேல்தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பி வைத்திருந்தோம். குளியலறைக் குழாய்க்கு இணைப்புக் கொடுத்ததே முந்தின நாள் சாயங்காலம்தான். அதுவரை அந்தத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்ததில்லை.

விடிகாலையில் ஹாலில் ஓமம் ஆரம்பித்தது. செங்கல் அடுக்கி ஓமகுண்டம், சுற்றி மாக்கோலம், சுவரோரம் வரிசையாகத் தாம்பூலப் பைகள், ஜன்னலெல்லாம் சீரியல் லைட். மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தார். சவரிமுத்துவும் வந்திருந்தார். வீடு கட்டியவருக்கு வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்ய வேண்டுமல்லவா? புது வேட்டியை அங்கேயே கட்டிக்கொண்டு, கையைக் கட்டி ஓரமாக நின்றார்.

ஓமம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது என் கணவரின் அக்கா, பேச்சியம்மா மதினி, வேடசந்தூர் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார்.

"பஸ்ஸுல ஒரே புழுதி. குளிக்காம எப்படி ஓமத்துல உக்கார? செத்த தலைக்கு ஊத்திட்டு வாரேன்" என்று நேரே புதுக் குளியலறைக்குள் போனார். போனவர் உள்ளிருந்தே, "யாத்தே, தண்ணி எம்புட்டு வேகமா வருது!" என்று ஆச்சரியப்பட்டது வெளியே கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். என் பாதத்தில் ஜில்லென்று ஏதோ பட்டது.

குனிந்து பார்த்தேன். குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சீயக்காய் நுரையோடு, ஓசைப்படாமல், கல்யாணத்துக்கு அழைத்த விருந்தாளி போல வந்துகொண்டிருந்தது. சாதாரண வீடாக இருந்தால் தண்ணீர் ஏதாவது ஒரு பக்கம் ஓடி ஒதுங்கும். எங்கள் ஹாலில்தான் நான் ஒரு மேடு பள்ளம் விட்டுவைக்கவில்லையே. ரசமட்டத்தின் புண்ணியத்தில் தண்ணீர் எந்தத் திசைக்கும் பாரபட்சம் காட்டாமல் ஹால் முழுக்க ஒரே சீராகப் பரவியது. மாக்கோலம் கரைந்து பால் ஓடுவது போல ஓடியது. தாம்பூலப் பைகளின் அடி நனைந்து பிய்ந்து, தேங்காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

கதவைத் தட்டினேன். "மதினி! தண்ணிய நிறுத்துங்க!"

"செத்த பொறு! இப்பத்தான் சீயக்கா போட்டிருக்கேன்!"

"வெளிய வருது மதினி!"

"எது?"

"தண்ணி!"

"உள்ள நல்லாத்தானத்தா இருக்கு!" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு வாளியைத் தலையோடு கவிழ்த்தார்.

ஓமகுண்டத்தின் அடிச் செங்கல்லைத் தண்ணீர் தொட்டதும் 'சுர்ர்' என்று சத்தம். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அக்னி பகவானப் பாக்க வருண பகவானே வந்துட்டார். விசேஷம்தான்" என்றார். யாரோ, "ஒயரு! ஒயரு!" என்று கத்தினார்கள். சீரியல் லைட்டின் ஒயர் தரையில் கிடந்தது. என் கணவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்று ஓடினார். மெயினை அணைத்தார். வீடு பாதி இருட்டில் மூழ்கியது.

அந்த நேரத்தில்தான் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். நுரையில் கால் வைத்தார். கால் சறுக்கியது.

 எந்தக் கால்களுக்காக அந்தத் தரையை இடித்து உயர்த்தினேனோ, அந்தக் கால்கள். நான் இருந்த இடத்திலிருந்து போய்ப் பிடித்திருக்க முடியாது. சவரிமுத்து இரண்டே எட்டில் வந்து அவரைத் தோளோடு தாங்கி, மறுபடி உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வாசலில் இறக்கினார். "ஒண்ணுமில்ல ஆத்தா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே போனார். புது வேட்டி முழங்கால் வரை நனைந்து, சீயக்காய்க் கறை.

மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் திரும்பியது. வட்டியோடு திரும்பியது. யார்மீது காட்டுவது என்று தெரியவில்லை. வாசலுக்கு ஓடி, மாமியாரைக் காப்பாற்றிய அந்த மனிதர் மீதே பாய்ந்தேன்.

"ஏன்யா இப்படிப் போட்டீங்க?"

"நீங்க சொன்னீக டீச்சர்."

"நான் சொன்னா? எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? மேடைய ஒசத்தச் சொன்னேன், கேட்டீங்களா? அலமாரியத் தள்ளி வைக்கச் சொன்னேன், கேட்டீங்களா? பத்து மாசமா நான் சொன்ன எதையும் கேக்காத மனுசன், இத மட்டும் ஏன் கேட்டீங்க?"

சவரிமுத்து வேட்டி நுனியைப் பிழிந்தார். நிதானமாகச் சொன்னார்.

"சார் சொல்லியிருந்தா 'ஆகட்டும் சார்'ன்னுட்டு வாட்டம் வச்சேதான் போட்டிருப்பேன். சார் என்னிக்காச்சும் ஒண்ணு ரெண்டு சொன்னதுலயும் பாதி நான் செய்யவே இல்ல. நீங்க சொன்னதாலதான் பயந்துட்டேன் டீச்சர். பயந்தவன் சொன்னதச் சொன்னபடி செய்வான்ல?"

கதவோரம் நின்ற என் கணவர், "நான் சொன்னதுல எது எது செய்யல?" என்றார். சவரிமுத்து வேட்டியின் மறு நுனியைப் பிழிய ஆரம்பித்தார்.

 மரியாதை வேண்டும் என்று கேட்டேன். கிடைக்காததால் பயத்தை உண்டாக்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பயம் எனக்குச் செய்த உபகாரம் ஹால் முழுக்கத் தேங்கி நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன். பட்டுச்சேலையோடு நான் தண்ணீரைத் தள்ள, சவரிமுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினார். ஐயர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து மிச்ச மந்திரத்தைச் சொல்லி முடித்தார். மழையே பார்க்காத தெருவில் எங்கள் வாசலிலிருந்து மட்டும் வெள்ளம் ஓடுவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், தொட்டி உடைந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

அப்போதுதான் குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டு கட்டி, மஞ்சள் முகமாக, பேச்சியம்மா மதினி வெளியே வந்தார். துடைப்பத்தோடு நிற்கும் என்னையும், கணுக்கால் நனைய நிற்கும் அறுபது பேரையும் பார்த்தார்.

"ஏத்தா, எல்லாரும் இங்கயே குளிச்சிட்டீகளா?"

மறு வாரமே சவரிமுத்து வந்து குளியலறைத் தரையைப் பெயர்த்தார். இந்த முறை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எம்புட்டு வாட்டம் வைக்கணும், எங்கருந்து எங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். நூல் பிடித்துக் காட்டினார், வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். மாமியாருக்குப் படி வேண்டாம் என்றால் குளியலறை வாசலில் ஒரு சின்னச் சரிவு கொடுத்தால் போதும் என்று அவரே வழியும் சொன்னார். முதல் மாதமே நான் கேட்டிருக்கலாம், அவரும் சொல்லியிருக்கலாம். பெயர்த்ததில் உடைந்துபோன டைல்ஸுக்கு அதே நிறம் கடையில் கிடைக்கவில்லை. அதனால் குளியலறையில் பாதி சாம்பல் நிறம், பாதி பழுப்பு. வருகிற விருந்தாளிகள் இது புது மாதிரி டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

மதினிதான் விடுவதாக இல்லை. எங்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் போன் போட்டு, "அங்க வந்து குளிக்கவா, இல்ல குளிச்சிட்டு வரவா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. கல்யாண வீடுகளில் தெரியாதவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார்: "இது என் தம்பி பொண்டாட்டி. நெறையப் படிச்சவ. வீட்டுக்குள்ளயே ஆறு விட்டவ."

ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வாயைத் திறந்தால் இன்னொரு கதை உண்டாகிவிடும் என்று அடக்கிக்கொண்டு பந்தியில் போய் உட்காருவேன். போன மாதம் பழனியில் ஒரு கல்யாணம். இலை போட்டாகிவிட்டது; தண்ணீர் ஜக்கோடு ஒருவர் என் எதிரே வந்து குனிந்தார். பின்வரிசையிலிருந்து கணீரென்று மதினியின் குரல் வந்தது.

"தம்பி, டீச்சருக்கு மட்டும் பாத்து ஊத்துங்க. சிந்துனா அது எந்தப் பக்கம் போகும்னு அவளுக்கே தெரியாது!"